நகைக்கு இருக்கும் சுதந்திரம் வீட்டுப் பத்திரத்துக்கு ஏன் இல்லை?

சுருளிப்பட்டியில் வட்டிக் கணக்குத் தெரியாதவர் என்று யாரும் கிடையாது. பன்னீர் திராட்சைப் பந்தல் போட்ட எந்தக் குடும்பத்தை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். கவாத்துக்கு வாங்கியது எவ்வளவு, உரக்கடைப் பாக்கி எவ்வளவு, வியாபாரியிடம் கை நீட்டிய முன்பணம் எவ்வளவு, எல்லாம் பைசா பிசகாமல் சொல்வார்கள். அதிலும் அடகு நகை விஷயத்தில் படு உஷார். கடையில் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி என்றால் வருஷத்துக்கு 24 சதவீதம். கம்பத்தில் வங்கியிலோ கூட்டுறவு சங்கத்திலோ அவ்வளவு வராது. உடனே அரை நாளைக்கு யாரிடமாவது கைமாத்து வாங்கி, நகையை மீட்டு, பஸ் ஏறிப் போய் அங்கே வைத்து, கைமாத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டு மதியச் சோற்றுக்கு வீட்டில் இருப்பார்கள். "மாத்தி வைக்கிறது" என்று இதற்குப் பேர். இதற்காக யாரும் பி.காம். படிக்கவில்லை.

இப்போது அதே ஆளின் வீட்டுக் கடனைப் பாருங்கள். ஏதோ ஒரு ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனியில் 12, 13 சதவீதம் என்று வாங்கியிருப்பார். வருஷக்கணக்காகக் கட்டுவார். டவுனில் அரசு ஊழியர் ஒருவர் எட்டு எட்டரைக்கு வாங்கியிருக்கிறார் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனாலும் மாற்றி வைக்க மாட்டார்.

ஏன்? நிதி ஆலோசனை எழுதுகிறவர்களைக் கேட்டால் ரெடிமேட் பதில் ஒன்று வைத்திருக்கிறார்கள். "மக்களிடம் விழிப்புணர்வு இல்லை." இதைவிடச் சோம்பேறித்தனமான பதில் கிடையாது. ஆறு பவுன் நகைக்கு இருக்கிற விழிப்புணர்வு 15 லட்ச ரூபாய் வீட்டுக்கு மட்டும் காணாமல் போய்விடுமா என்ன? விழிப்புணர்வு நிறையவே இருக்கிறது. வழிதான் இல்லை. அந்த வழி தானாக அடைபட்டதும் இல்லை, அடைத்து வைத்திருக்கிறார்கள்.

முதலில் கணக்கு. பாக்கி 15 லட்சம், இன்னும் 15 வருஷம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 12 சதவீதத்துக்கு மாதத் தவணை 18,003 ரூபாய். 8.5 சதவீதத்துக்கு 14,771 ரூபாய். வித்தியாசம் மாதம் 3,232. பதினைந்து வருஷத்துக்கு 5 லட்சத்து 81 ஆயிரம் சொச்சம். வட்டியில் மூன்றரை சதவீதம் என்று சொல்லும்போது சின்னதாகத் தெரிகிற விஷயம், ரூபாயாகச் சொன்னால் ஒரு பிள்ளையின் காலேஜ் செலவு. இந்தப் பணம் ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செங்கல் ஆகவில்லை, சிமெண்ட் ஆகவில்லை. இடம் மாறத் தெரிந்தும் மாற முடியாமல் இருப்பதற்கு அந்தக் குடும்பம் கட்டுகிற அபராதம் இது.

அபராதம் என்ற வார்த்தை சும்மா வரவில்லை. ஒரு காலத்தில் நிஜமாகவே அபராதம் இருந்தது. கடனை முன்கூட்டியே அடைத்தால் பாக்கி அசலில் 2 சதவீதம் வரை எடுத்து வை என்றார்கள். இதை எதிர்த்து ஒருவர் இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் போனார். 2010 டிசம்பரில் வந்த பெரும்பான்மைத் தீர்ப்பு, இதில் போட்டிச் சட்ட மீறல் எதுவும் இல்லை என்று கையை விரித்துவிட்டது. அதே 2010-ல் தேசிய வீட்டுவசதி வங்கி, ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்கு ஒரு உத்தரவு போட்டது. அதில்தான் கூத்து. சொந்தப் பணத்தில் அடைத்தால் அபராதம் கூடாது, இன்னொரு வங்கியில் கடன் வாங்கி அடைத்தால் போட்டுக்கொள்ளலாம்! அதாவது லாட்டரி விழுந்தவனுக்குச் சலுகை, குறைந்த வட்டி தேடிப் போகிறவனுக்குத் தண்டனை. ஒரு வருஷம் கழித்து, 2011 அக்டோபரில்தான் மாறும் வட்டிக் கடன்களுக்கு அந்தப் பாகுபாட்டையும் எடுத்தார்கள். வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி தடை போட்டது 2012 ஜூன் 5-ல்.

சரி, அபராதம் போய்விட்டது. பிறகு என்ன பிரச்சினை?

ஒரு ஒப்பீடு. செல்போன் எண்ணை மாற்றாமல் கம்பெனியை மட்டும் மாற்றும் வசதி 2011 ஜனவரி 20-ல் நாடு முழுக்க வந்தது. கட்டணம் அப்போது 19 ரூபாய். ஒரு எஸ்.எம்.எஸ்., கொஞ்ச நாள் காத்திருப்பு, வேலை முடிந்தது. வீட்டுக் கடனை மாற்ற என்ன வேண்டும்? பழைய இடத்தில் ஃபோர்குளோஷர் லெட்டர், அவர்களிடம் உள்ள பத்திரங்களின் பட்டியல், பன்னிரண்டு மாதக் கணக்கு விவரம். புதிய இடத்தில் பிராசசிங் ஃபீஸ், வக்கீலின் லீகல் ஒப்பீனியன், வேல்யூயர் வருகைக்குத் தனிக் காசு, வில்லங்கச் சான்று. தாய்ப் பத்திரம் கையில் இருக்காது, அதுவும் பழைய கம்பெனியின் பெட்டியில். பிறகு சார்பதிவாளர் அலுவலகம். பழைய அடமானத்துக்கு ரசீது ஆவணம் பதிய வேண்டும். புதிய வங்கிக்கு மறுபடி உரிமை ஆவண ஒப்படைப்புப் பத்திரம் (வங்கிக்காரர்கள் பாஷையில் எம்.ஓ.டி.) பதிய வேண்டும். தமிழ்நாட்டில் அதற்குக் கடன் தொகையில் அரை சதவீதம் முத்திரைத் தீர்வை, போகப் பதிவுக் கட்டணம். உச்சவரம்பு இரண்டுக்கும் உண்டு என்பது பெரிய கடன்காரர்களுக்குத்தான் ஆறுதல். 15 லட்சத்துக்குத் தீர்வை மட்டும் 7,500.

வீடு அதே வீடு. சொந்தக்காரர் அதே ஆள். ஒரு செங்கல் இடம் மாறவில்லை. கடன் கொடுத்தவரின் பெயர் மட்டும் மாறுகிறது. அதற்கு முதல் தடவை கட்டிய தீர்வையை அரசு இன்னொரு தடவை வாங்குகிறது. வங்கிகளைத் திட்டுகிறவர்கள் இந்த இடத்தில் அரசாங்கத்தையும் கொஞ்சம் திட்டிக்கொள்ளலாம்.

இவ்வளவு செலவும் சேர்த்து 30,000 ஆகிறது என்றே வைத்தாலும், மாதம் 3,232 மிச்சம் என்றால் பத்தே மாதத்தில் எடுத்துவிடலாம். ஆகவே காசு மட்டும் தடை இல்லை. அதைவிடப் பெரிய தடை, மாற்றிக்கொள்ள எதிர்ப்பக்கம் ஆள் வேண்டுமே!

திராட்சை விற்ற காசு பெரும்பாலும் ரொக்கம். விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது, அதனால் ஐ.டி. ரிட்டர்ன் போட்டிருக்க மாட்டார்கள். ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் குமுளிப் பக்கம் மலையேறுகிறவர்களுக்குச் சம்பளச் சீட்டு ஏது? நிலம் நத்தம் பட்டாவாக இருக்கும். அல்லது அங்கீகாரம் இல்லாத மனையாக இருக்கும். சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைப் பதிவுக்குத் தடை போட்ட பிறகுதான் பாதிப் பேருக்கு அப்ரூவல் என்று ஒன்று உண்டு என்பதே உறைத்தது. வரன்முறைப்படுத்தும் திட்டம் 2017-ல் வந்தது, எல்லோரும் போய் வாங்கிவிடவில்லை. இதையெல்லாம் பார்த்ததும் கிளை மேலாளர் சிரித்த முகத்தோடு ஃபைலைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். மேலே கேட்டால் "பாலிசி" என்பார்.

இங்கேதான் கோபம் வர வேண்டும். வங்கி கேட்பது என்ன? மாதாமாதம் தவணை கட்டும் அளவுக்கு இந்த ஆளுக்கு வருமானம் உண்டா என்பதற்கு அத்தாட்சி. எட்டு வருஷமாக, அதுவும் 12, 13 சதவீதத்தில், ஒரு மாதம் தவறாமல் 18,000 ரூபாய் கட்டியிருக்கிறாரே, அதைவிடப் பெரிய அத்தாட்சி எது? 18,000 கட்டியவரால் 14,771 கட்ட முடியாது என்று எந்தக் கணக்குப் புத்தகம் சொல்கிறது? புதிதாக வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதச் சம்பளச் சீட்டு காட்டுகிறவரை நம்பலாம், 96 தவணை கட்டிக் காட்டியவரை நம்ப முடியாது என்றால் அது ரிஸ்க் கணக்கா, மூஞ்சியைப் பார்த்துப் போடும் கணக்கா?

கம்பெனிக்காரர்களின் தரப்பையும் கேட்போம். ஆவணமில்லாத வருமானம், கிராமத்துச் சொத்து, விற்றால் வாங்க ஆள் குறைவு, வசூலுக்கு ஆள் அனுப்பும் செலவு. எனவே வட்டி கூடுதல். நியாயம்தான், முதல் நாளில். பெரிய வங்கிகள் ஏறெடுத்துப் பார்க்காதவர்களுக்கு இவர்கள்தான் கடன் கொடுத்தார்கள், சுருளிப்பட்டி மாதிரி ஊர்களில் ஓட்டுக்கூரை இறங்கி கான்கிரீட் ஏறியதில் இவர்களுக்குப் பங்கு உண்டு. மறுக்க வேண்டாம். ஆனால் எட்டு வருஷத்தில் அசல் குறைந்திருக்கிறது. ஆள் நாணயமானவர் என்று தெரிந்துவிட்டது. ரிஸ்க் இறங்கிவிட்டது. வட்டி மட்டும் ஏன் இறங்கவில்லை?

காரணம், இறக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. 2003-ல் பி.பி.எல்.ஆர்., 2010 ஜூலையில் அடிப்படை வட்டி, 2016 ஏப்ரலில் எம்.சி.எல்.ஆர். என்று ரிசர்வ் வங்கி முறைகளை மாற்றிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு முறையிலும் புதிதாக வருகிறவருக்குக் குறைந்த வட்டி, பழைய ஆள் பழைய குழியிலேயே. 2009-ல் ஸ்டேட் வங்கி முதல் வருஷம் 8 சதவீதம் என்று விளம்பரம் போட்டு அழைத்தபோது, ஏற்கெனவே கடன் வாங்கியிருந்தவர்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரிசர்வ் வங்கியின் சொந்த ஆய்வுக் குழுவே (ஜனக் ராஜ் குழு, 2017) வங்கிகள் இந்த விகிதங்களைத் தங்கள் இஷ்டத்துக்குக் கணக்கிடுகின்றன என்று போட்டு உடைத்தது. அதன் பிறகுதான் 2019 அக்டோபர் 1 முதல் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு வட்டியைக் கட்டிப்போட வேண்டும் என்ற விதி வந்தது.

நல்ல விதி. ஆனால் அது வங்கிகளுக்கு மட்டும். ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனிகள் அதே 2019 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியின் மேற்பார்வைக்கு வந்துவிட்டன, ஆனாலும் இந்தக் கட்டு அவற்றுக்குப் போடப்படவில்லை. அவை தாங்களே அறிவிக்கும் ஒரு விகிதத்தை வைத்துக்கொள்ளலாம். 2025 பிப்ரவரியில் 6.50-லிருந்து இறங்கத் தொடங்கிய ரெப்போ டிசம்பரில் 5.25-க்கு வந்தது. வங்கியில் ரெப்போ கடன் வைத்திருப்பவருக்கு அது தானாக இறங்கியாக வேண்டும். கம்பெனியில் வைத்திருப்பவருக்கு? கம்பெனிக்கு மனசு வந்தால் உண்டு. யாருக்கு இந்தப் பாதுகாப்பு அதிகம் தேவையோ, அவர்களை வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள்.

வட்டி ஏறும்போது மட்டும் எல்லோரும் சமத்துவவாதிகள். 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ 4-லிருந்து 6.50 ஆனது. 2022 மே மாதத் தொடக்கத்தில் 20 லட்சத்தை 20 வருஷத்துக்கு 7 சதவீதத்தில் வாங்கியவரின் தவணை 15,506 ரூபாய். 9.5 சதவீதமானதும் 20 லட்சத்துக்கு மாத வட்டியே 15,833 ரூபாய். அதாவது தவணை முழுவதும் போட்டாலும் வட்டிக்கே பற்றவில்லை, கடன் வளர்கிறது! தவணையைக் கூட்டாமல் கால அளவை மட்டும் நீட்டிக்கொண்டே போனதில் பலருக்கு இது தெரியவே இல்லை. தெரிவிக்க வேண்டும், தவணையைக் கூட்டுவதா காலத்தை நீட்டுவதா என்று கடன்காரரைக் கேட்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது 2023 ஆகஸ்டில்.

மாற்றிக்கொள்ள வாய்ப்புக் கிடைத்தவர்களின் கதையும் முழுச் சந்தோஷக் கதை இல்லை. ஏஜெண்ட் வந்து "தவணை பாதியாகக் குறையும்" என்பார். எப்படிக் குறைகிறது என்று பாருங்கள். 15 லட்சம் பாக்கி, 9.5 சதவீதம், மிச்சம் 10 வருஷம். தவணை 19,410. இதை 8.5-க்கு மாற்றி, கூடவே காலத்தை 20 வருஷம் ஆக்கிவிடுவார்கள். தவணை 13,017. அடேயப்பா, மாதம் ஆறாயிரத்துக்கு மேல் மிச்சம்! மொத்தமாகக் கூட்டினால்? பழையபடி இருந்திருந்தால் 23.29 லட்சம் கட்டியிருப்பார். இப்போது 31.24 லட்சம் கட்டுவார். வட்டியைக் குறைத்து, கிட்டத்தட்ட 8 லட்சம் கூடுதலாக வாங்கிக்கொள்ளும் வித்தை இது. அதே 10 வருஷத்துக்கே மாற்றியிருந்தால் தவணை 18,598, மொத்தத்தில் 97,000 ரூபாய் மிச்சம். ஏஜெண்ட் இதைச் சொல்வதில்லை, சொன்னால் தவணை வித்தியாசம் 812 ரூபாய்தான் என்று தெரிந்துவிடும். போதாக்குறைக்கு "டாப் அப்" என்று மேலே இரண்டு லட்சம், ஒற்றைப் பிரீமிய இன்ஷூரன்ஸ் ஒன்று, அதையும் கடனிலேயே சேர்த்து. டாப் அப் கடன்களைப் பற்றி 2024 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி கவர்னரே எச்சரிக்க வேண்டியிருந்தது.

இன்னொரு பொறி, கடனின் பெயரில் இருக்கிறது. வீட்டின் பேரில் வாங்கியிருந்தாலும் ஆவணத்தில் "தொழில் நோக்கம்" என்று எழுதியிருந்தால் முன்கூட்டி அடைக்கும் அபராதத் தடை பொருந்தாது என்றுதான் பழைய விதி இருந்தது. முன்பக்கம் பெட்டிக்கடை, பின்பக்கம் குடித்தனம் என்று வீடு கட்டியவர்கள் சொத்து அடமானக் கடன் என்ற கணக்கில் மாட்டிக்கொண்டது இப்படித்தான். 2025-ல் ரிசர்வ் வங்கி போட்ட புதிய விதிகள் தொழில் கடன்களுக்கும் இந்தத் தடையைப் பெருமளவு நீட்டின. ஆனால் 2026 ஜனவரி 1 முதல் அனுமதிக்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் கடன்களுக்குத்தான். மறுபடியும் பழைய ஆள் குழியில் :)

பழைய ஆளிடம் கூடுதலாகப் பிடுங்குவது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. ஆஸ்திரேலியாவின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் இதை அளந்தே காட்டியது. 2020 டிசம்பரில் வந்த அதன் அறிக்கைப்படி, மூன்று முதல் ஐந்து வருஷம் ஆன கடன்காரர்கள் புதிய கடனின் சராசரி வட்டியைவிட 0.58 சதவீதம் கூடுதலாகக் கட்டினார்கள். பத்து வருஷம் தாண்டியவர்கள் 1.04 சதவீதம் கூடுதல். விசுவாசமாக இருக்க இருக்க விலை ஏறுகிறது! விட்டுப் போகிறவரை விடுவிக்க வங்கிக்குப் பத்து வேலை நாள்தான் கொடுக்க வேண்டும் என்றும் அந்த ஆணையம் பரிந்துரைத்தது. இங்கே அப்படி ஒரு அளவெடுப்பு நடந்தால், அதுவும் வங்கி, கம்பெனி, ஊர் வாரியாகப் பிரித்து வெளியிட்டால் எத்தனை பேர் முகம் வெளுக்கும் என்று பார்க்க ஆசையாக இருக்கும்.

பிடிக்காவிட்டால் போய்க்கொள்ளலாமே, யார் தடுத்தது என்பதுதான் எல்லாக் கடன் கம்பெனிகளின் கடைசி வாதம். போக முடியாதவரைப் பார்த்துப் போகலாமே என்று சொல்வதற்குப் பெயர் சுதந்திரச் சந்தை இல்லை. மேலும், ஒருவர் போகிறேன் என்று கடிதம் கொடுத்ததும் என்ன நடக்கிறது? நேற்றுவரை 12-க்குக் கீழே வராது என்றவர்கள் "கன்வெர்ஷன் ஃபீஸ் கட்டுங்க சார், பத்தரை ஆக்கித் தர்றோம்" என்கிறார்கள். அப்படியானால் பத்தரைக்குக் கொடுத்தாலும் கட்டுப்படியாகும் என்றுதானே அர்த்தம்? இத்தனை நாள் வாங்கிய ஒன்றரை சதவீதம் எந்த ரிஸ்க்குக்கு? 2025 அக்டோபர் 1 முதல், மூன்று வருஷம் ஆவதற்கு முன்பே வங்கிகள் பழைய கடன்காரருக்கு ரெப்போவுக்கு மேலே உள்ள தங்கள் பங்கைக் குறைத்துக் கொடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்தது. "கொடுக்கலாம்". வங்கிகளுக்கு இந்த "லாம்" ரொம்பப் பிடிக்கும். "வேண்டும்" என்று எழுதியிருந்தால் கடனை மாற்ற வேண்டிய தேவையே முக்கால்வாசிப் பேருக்கு இருந்திருக்காது.

கேட்பது ஒன்றும் ஆகாத காரியம் இல்லை. அதே தகுதி உள்ள புதியவருக்கு இன்று என்ன வட்டியோ அது பழையவருக்கும், கேட்காமலே, கட்டணமில்லாமலே. வெளி அளவுகோல் ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்கும். கடன் மாற்றத்துக்கு மறு முத்திரைத் தீர்வை ரத்து. இதை மாநில அரசே செய்யலாம், டெல்லியைப் பார்க்க வேண்டியதில்லை. தவறாமல் கட்டிய தவணைக் கணக்கை வருமானச் சான்றாக ஏற்றே ஆக வேண்டும் என்று ஒரு விதி.

ரிசர்வ் வங்கிக்கு மனசு வந்தால் எப்படி எழுதத் தெரியும் என்பதற்கு ஒரு உதாரணம் இருக்கிறது. கடனை முழுதாக அடைத்த பிறகு 30 நாளுக்குள் பத்திரத்தைத் திருப்பித் தராவிட்டால், தாமதம் கடன் கொடுத்தவர் மேல் என்றால், நாளொன்றுக்கு 5,000 ரூபாய் கடன்காரருக்குக் கொடுக்க வேண்டும் என்று 2023 செப்டம்பரில் உத்தரவு போட்டது, அந்த டிசம்பர் 1 முதல் அமல். ஆனால் கடனை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று விண்ணப்பித்தால்? சம்மதமா ஆட்சேபமா என்று 21 நாளுக்குள் சொல்ல வேண்டும் என்று நியாய நடைமுறை விதி இருக்கிறது. தாமதித்தால் நாளுக்கு இவ்வளவு என்று அதில் தொகை எதுவும் இல்லை. 15 லட்சம் பாக்கிக்கு 12 சதவீதத்தில் ஒரு நாள் வட்டி 493 ரூபாய். அந்த 21 நாளும் ஃபைல் மேஜையில் தூங்கினால் கம்பெனிக்கு 10,350 ரூபாய் வரவு. அந்தக் காலக்கெடுவுக்கும் நாளொன்றுக்கு 5,000 என்று ஒரு வரி சேர்க்க எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும்.